தகட்டுல அலைக்கு பாதை போடுற கணக்கு

ஒரு மெல்லிசான இரும்புத் தகட்டை ஓரத்துல தட்டினா அதிர்வு தகடு முழுக்க பரவிடும், ஒரு மூலையையும் விட்டு வைக்காது. அந்த அதிர்வை இந்த வழியா மட்டும் போ, இங்க திரும்பு, அந்தப் பக்கம் எட்டிப் பாக்காதேன்னு கட்டுப்படுத்தணும்னா என்ன பண்றது? தகட்டை வெட்ட வேண்டியதில்ல, சுவர் மாதிரி எதையும் ஒட்ட வேண்டியதும் இல்ல. ஒரே இடைவெளியில ஒரே மாதிரி ஏதாவது ஒண்ணை (ஓட்டை, ஆணி, சின்ன எடை, ஸ்பிரிங்ல தொங்குற எடை, எதுவா வேணா இருக்கட்டும்) திரும்பத் திரும்ப வெச்சுக்கிட்டே போனா சில அதிர்வெண்கள்ல அலை அந்தப் பகுதிக்குள்ள நுழையவே முடியாம போயிடும், அப்புறம் அந்த வரிசையில ஒரு கோடு மட்டும் காலியா விட்டா அலை அந்தக் கோட்டுல ஓடும். கேக்க எளிமையா இருக்கு, ஆனா எந்த இடைவெளி, எவ்வளவு எடை, எந்த அதிர்வெண்ங்கிறதுக்கு கணக்குதான் பதில் சொல்லும். அந்தக் கணக்கு மத்த அலைகளோட கணக்கை விட தகட்டுல ரொம்ப அழகா அமையுது, அதுக்குக் காரணம் தகட்டோட சமன்பாடு நாலாம் வரிசைச் சமன்பாடா இருக்கிறதுதான்னு காட்டணும்ங்கிறது என் ஆசை.

முதல்ல அந்தச் சமன்பாடு எங்கிருந்து வந்துச்சுன்னு பாத்துடலாம். எர்ன்ஸ்ட் கிளாட்னி தகட்டுல மணல் தூவி வயலின் வில்லால ஓரத்தைத் தேய்ச்சு, மணல் கோடு கோடா ஒதுங்குறதைக் காட்டினவர், 1787-ல இதைப் புத்தகமாவே போட்டார். 1809-ல நெப்போலியன் முன்னாடி செஞ்சு காட்டினதும், இந்த வடிவங்களுக்குக் கணக்கு சொல்றவங்களுக்குப் பரிசுன்னு பாரிஸ் அகாடமி அறிவிச்சுது. அதுக்கு எழுதினவங்க சோஃபி ஜெர்மைன். பெண்ங்கிறதால கல்லூரி வாசலையே மிதிக்க விடாத காலத்துல தானாவே படிச்சு 3 தடவை எழுதி அனுப்பினாங்க, முதல் தடவை இருந்த பிழையைத் திருத்தி சரியான சமன்பாட்டை கணித அறிஞர் லாக்ரான்ஜ் எழுதினார், 1816-ல பரிசு ஜெர்மைனுக்கே போச்சு. ஓரத்துல என்ன நிபந்தனை போடணும்ங்கிற குழப்பத்தை 1850-ல கிர்க்காஃப் தீர்த்து வெச்சார். இன்னைக்கும் நாம கிர்க்காஃப் தகடுன்னு சொல்றது அந்த மாடலைத்தான்.

இந்த மாடல் சொல்றது என்னன்னா, தகடு மேலயும் கீழயும் எவ்வளவு அசையுதுங்கிற ஒரே ஒரு அளவை மட்டும் எடுத்துக்கோ, தடிமனை மறந்துடு. இழுத்துக் கட்டின சவ்வுல மேடு பள்ளத்தைச் சரி பண்றது இழுவிசை, அதனால இடத்தைப் பொறுத்து 2 தடவை வகையிட்டா போதும். தகட்டுல இழுவிசை கிடையாது, வளைக்கிறதுக்கு எதிரா வர்ற விறைப்பு மட்டும்தான் இருக்கு, அதனால 4 தடவை வகையிடணும். இதோட முதல் விளைவு, அதிர்வெண் அலை எண்ணோட (ஒரு நீளத்துக்குள்ள எத்தனை அலை அடங்குதுங்கிற அளவு) வர்க்கமா ஏறும், அதாவது அலைநீளம் பாதியானா அதிர்வெண் 4 மடங்கு. சின்ன அலை வேகமா போகும், பெரிய அலை மெதுவா போகும், தட்டின சத்தம் போகப் போக பிரிஞ்சு இழுபடும்.

ஒரு எண் போட்டுப் பாக்கலாம். 1 மில்லிமீட்டர் இரும்புத் தகடு. இங்க முக்கியமா வேண்டியது விறைப்பை, ஒரு சதுர மீட்டருக்கு எவ்வளவு எடைங்கிறதால வகுத்து வர்க்கமூலம் எடுத்த அளவு, அது இரும்புக்குச் சுமார் 1.53 சதுர மீட்டர் பர் செகண்ட் வருது. அதே தடிமன் அலுமினியத்துக்குப் போட்டா 1.56! இரும்பு 3 மடங்கு விறைப்பு, ஆனா 3 மடங்கு எடையும் கூட, ரெண்டும் அடிபட்டுப் போயிடுது, அதனால வளைவு அலையைப் பொறுத்தவரை ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே தகடுதான். இதுல 10 சென்டிமீட்டர் அலைநீளத்துக்கு அதிர்வெண் சுமார் 960 ஹெர்ட்ஸ், அலையோட முகடு நகர்ற வேகம் செகண்டுக்கு 96 மீட்டர்தான், ஆற்றல் போற வேகம் அதைப் போல 2 மடங்கு, 192 மீட்டர். இரும்புன்னதும் செகண்டுக்கு 5000 மீட்டர்னு மனசுல வரும், அது நீளவாக்குல போற அலைக்கு. இந்த மாதிரி அதிர்வெண்கள்ல மெல்லிசான தகட்டோட வளைவு அலை காத்துல போற சத்தத்தை விட மெதுவானது. இவ்வளவு மெதுவா, இவ்வளவு குட்டை அலைநீளத்துல இருக்கிறதாலதான் ஒரு மேசை மேல வெச்சே இந்த ஆராய்ச்சி எல்லாம் பண்ண முடியுது.

இப்ப திரும்பத் திரும்ப வர்ற அமைப்புக்கு வருவோம். தகடு முழுக்க புள்ளிக் கோலத்துக்கு வைக்கிற மாதிரி சம இடைவெளியில புள்ளி வெச்சு, ஒவ்வொரு புள்ளியிலயும் தகடு அசையாதபடி ஆணி அடிச்சு நிறுத்திட்டோம்னு வெச்சுக்கோங்க. எண்ணிக்கையில்லாத ஆணி, ஆனா கணக்கு ஒரே ஒரு சதுரத்துக்குள்ள அடங்கிடும். ஃப்ளோகே 1883-ல ஒரு மாறிக்குச் சொன்னதும் பிளாக் 1928-ல படிகத்துக்குள்ள எலெக்ட்ரானுக்குச் சொன்னதும் ஒரே விஷயம்தான்: அமைப்பு திரும்பத் திரும்ப வந்தா, ஒரு சதுரத்துல அலை எப்படி இருக்கோ அடுத்த சதுரத்துலயும் அப்படியேதான் இருக்கும், அலையோட கட்டம் (phase, ஏறி இறங்குறதுல அது எந்த நிலையில இருக்குங்கிறது) மட்டும் ஒரு குறிப்பிட்ட அளவு நகர்ந்திருக்கும். அந்த நகர்வை நாம தேர்ந்தெடுத்துக் குடுத்து, எந்த அதிர்வெண்ல இது சாத்தியம்னு கேக்கணும். நகர்வை மாத்தி மாத்தி எல்லாத்துக்கும் பதில் வாங்கினா கிடைக்கிற படம்தான் பேண்ட் டயகிராம். எந்த நகர்வுக்கும் பதில் வராத அதிர்வெண் பட்டை இருந்தா அது பேண்ட் கேப், அங்க அலை போகாது.

ஆணிப் புள்ளிக்கு இந்தக் கணக்கை எழுதுறப்பதான் நாலாம் வரிசையோட அருமை தெரியும். சவ்வுல ஒரு புள்ளியில விசை குடுத்தா அந்த இடத்துல அசைவு முடிவிலிக்குப் போயிடும், லாகரிதம் வெடிச்சிடும், அதனால சவ்வுல "ஒரு புள்ளியைப் பிடிச்சு நிறுத்து"ன்னு சொல்றதுக்கே கணக்குல அர்த்தம் கிடையாது, ஆணிக்கு ஒரு தடிமன் குடுத்தாகணும். தகட்டுல அப்படி இல்ல. புள்ளி விசைக்குத் தகடு குடுக்கிற பதில்ல ரெண்டு பங்கு இருக்கு, ஒண்ணு வட்ட வட்டமா வெளிய பரவுற அலை, இன்னொண்ணு கிட்டக்கவே தேஞ்சு போற பங்கு, ரெண்டும் தனித்தனியா அந்தப் புள்ளியில வெடிக்கும், ஆனா கழிக்கிறப்ப ரெண்டு வெடிப்பும் ஒண்ணை ஒண்ணு தின்னுடும், மிச்சம் ஒரு சாதாரண எண் நிக்கும். அவ்வளவுதான், புள்ளி ஆணி முழுக்க நியாயமான ஒரு பொருளாயிடுச்சு.

இதனால பேண்ட் டயகிராமுக்கான மொத்தச் சமன்பாடும் ஒரே வரியில முடியும்: பிளாக் சொன்னபடி சதுரத்துக்குச் சதுரம் நகர்ற அலையில கலந்திருக்கிற ஒவ்வொரு தள அலையோட (நேர்கோட்டு முகடோட ஒரே திசையில போற சாதாரண அலை) அலை எண்ணையும் நாலாம் படிக்கு ஏத்து, அதுலேருந்து வெறும் தகட்டுல அந்த அதிர்வெண்ணுக்குரிய அலை எண்ணோட நாலாம் படியைக் கழி, தலைகீழாக்கு, எல்லாத்தையும் கூட்டு, கூட்டுத்தொகை பூஜ்யமா வரணும். நாலாம் படி கீழ இருக்கிறதால கூட்டல் சீக்கிரமே அடங்கிடும், சில நூறு உறுப்பு போட்டாலே போதும், ஒரு ஸ்ப்ரெட்ஷீட்லயே பண்ணலாம். வர்க்கம் மட்டும் இருந்திருந்தா இந்தக் கூட்டல் அடங்கவே அடங்காது.

அந்த ஒரு வரியைப் பாத்தே இன்னொண்ணு சொல்லிடலாம். அதிர்வெண் ரொம்பக் குறைவா இருந்தா பெரும்பாலான நகர்வுகளுக்கு எல்லா உறுப்பும் நேர்மறைதான், கூட்டினா பூஜ்யம் எப்படி வரும்? ஏதோ ஒரு உறுப்பு எதிர்மறையாகுற அளவுக்கு அதிர்வெண் ஏறியே ஆகணும், நகர்வே இல்லாத நிலையில மட்டும் அந்த எதிர்மறை உறுப்பு முன்னாடியே இருக்கும், ஆனா அது மத்த எல்லாத்தையும் விட ரொம்பப் பெருசா இருக்கிறதால அங்கயும் பூஜ்யம் மேலதான் வரும். ஆக பூஜ்யத்துலேருந்து ஒரு அளவு வரைக்கும் அலையே கிடையாது. சதுர அடுக்குல அந்த வாசல் எங்க திறக்குதுன்னா, அரை அலைநீளம் சரியா ஆணி இடைவெளிக்குச் சமமாகுற இடத்துல. அந்த அலையோட கணுக்கள் (அசையாத இடங்கள்) எல்லாம் ஆணி மேலயே விழும், ஆணி இருக்கிறதே அதுக்குத் தெரியாது. நம்ம 1 மில்லிமீட்டர் தகட்டுல 5 சென்டிமீட்டருக்கு ஒரு ஆணின்னா அது அதே 960 ஹெர்ட்ஸ்தான், அதுக்குக் கீழ மொத்தமும் தடை. ராஸ் மக்ஃபெட்ரன், நட்டாலியா மோவ்சன், அலெக்ஸாண்டர் மோவ்சன் மூணு பேரும் 2000-கள்ல இந்த மாதிரி தகடுகளுக்குப் பிளேட்டானிக் கிரிஸ்டல்னு பேர் வெச்சாங்க. அதே சமயத்துல 2007-ல பிரிட்டன்ல எவன்ஸும் போர்ட்டரும் இதே ஆணி மாடலை வெறும் தகட்டுக்கும் தண்ணி மேல மிதக்கிற தகட்டுக்கும் சேர்த்துப் போட்டாங்க, கடல் மேல கிடக்கிற பனிப்பாளம் கணக்கைப் பொறுத்தவரை ஒரு மிதக்கிற தகடுதானே.

நிஜத்துல யாரும் தகட்டை நூத்துக்கணக்கான ஆணியால தரையோட பிணைக்க மாட்டாங்க, அதனால அடுத்தது ரெசொனேட்டர், ஸ்பிரிங் மேல உக்காந்திருக்கிற சின்ன எடை. இதுல நடக்கிறது வேற மாதிரி. எடை தனக்குன்னு ஒரு சொந்த அதிர்வெண்ல ஆடும், அதைக் கொஞ்சம் தாண்டினதும் தகடு மேல போறப்ப எடை கீழ போகும், தகட்டுக்கு அது எதிர்மறை எடை மாதிரி தெரியும், மொத்த எடையும் எதிர்மறையாயிட்டா அலை நடக்காது, தேயும். அந்தத் தடை, சொந்த அதிர்வெண்ல ஆரம்பிச்சு, ஒரு சதுரத்துல ஒட்டின எடையைத் தகட்டோட எடையால வகுத்து 1 கூட்டி வர்க்கமூலம் எடுத்து, அதால சொந்த அதிர்வெண்ணைப் பெருக்கினா வர்ற இடம் வரைக்கும் நீளும். நம்ம தகட்டுல 5 சென்டிமீட்டர் சதுரம் 19.5 கிராம், அதுல 200 ஹெர்ட்ஸ்ல ஆடுற 10 கிராம் எடை வெச்சா தடை 200-லேருந்து சுமார் 246 ஹெர்ட்ஸ் வரை. தரையோட பிணைக்காம, அதே 200-ஐ இடைவெளியை மட்டும் நம்பித் தடுக்கணும்னா சுமார் 11 சென்டிமீட்டர் இடைவெளி வேணும். அதாவது ரெசொனேட்டர் வெச்சா அலைநீளத்துல கால்வாசிக்கும் குறைவான இடைவெளியிலயே வேலை நடக்குது. இந்த யோசனையை 2000-ல ஒரு ஹாங்காங் குழு காட்டுச்சு, ஈயக் குண்டுக்கு ரப்பர் சுத்தி எபாக்ஸில பதிச்சு. அகலமான தடை வேணும்னா எடையைக் கூட்டியே ஆகணும்ங்கிறதும் அந்த வர்க்கமூலத்துலயே எழுதியிருக்கு, இலேசா அகலமா ரெண்டும் வேணும்னு கேக்குறவங்களுக்கு இந்த மாடல்ல வழி கிடையாது.

தடை கிடைச்சாச்சு, பாதை எங்க? ஒரு வரிசை ஆணியை மட்டும் பிடுங்கிடுங்க. ரெண்டு பக்கமும் அலைக்கு அனுமதி இல்ல, நடுவுல மட்டும் இடம் இருக்கு. ரெண்டு பக்கத்தையும் முழுச் சுவரா நினைச்சு முரட்டுத்தனமா மதிப்பிட்டா, 10 சென்டிமீட்டர் அகலப் பாதையில குறுக்க அரை அலை உக்காரணும், 240 ஹெர்ட்ஸ்கிட்ட பாதை திறக்கணும், ஆனா ஆணிக்கு ஆணி நடுவுல அலை கொஞ்சம் உள்ள நுழையும், பக்கத்துச் சதுரங்களும் ஓரத்தை இறுக்கிப் பிடிக்கும், அதனால சரியான எண்ணுக்குப் பெரிய சதுரம் எடுத்துக் கணக்குப் போடணும். குறுக்க 10, 12 சதுரத்தை ஒண்ணா சேர்த்து நடுவுல ஒரு புள்ளியை மட்டும் விட்டுட்டு, பாதை நெடுக மட்டும் பிளாக் நிபந்தனை போடுவாங்க, சூப்பர்செல்னு பேர்.

வளைவு வர்றப்ப, இல்ல பாதை ஒரு இடத்துல முடியுறப்ப, திரும்பத் திரும்ப வர்றதுங்கிற வசதியே போயிடும். அங்கயும் புள்ளி ஆணி கை குடுக்கும். ஒவ்வொரு ஆணியும் தகட்டு மேல குடுக்கிற விசை ஒரு எண், 400 ஆணின்னா 400 தெரியாத எண், ஒவ்வொரு ஆணியிலயும் அசைவு பூஜ்யம்னு 400 சமன்பாடு, ஒரு மேட்ரிக்ஸ், முடிஞ்சுது. இதுல தோராயம் எதுவும் இல்ல, கிர்க்காஃப் மாடலுக்குள்ள இது துல்லியமான விடை. லேப்டாப்ல கண் சிமிட்டுற நேரத்துல வந்துடும். அதே அமைப்பை ஃபைனைட் எலிமென்ட்ல (தகட்டைச் சின்னச் சின்னத் துண்டா பிரிச்சுக் கணக்குப் போடுற முறை) போட்டா லட்சக்கணக்கான தெரியாத எண்கள், ஓரத்துலேருந்து அலை திரும்பி வராம இருக்க உறிஞ்சுற அடுக்கு வேற வைக்கணும். ஆணியை ஒரு சென்டிமீட்டர் நகத்தினா என்ன ஆகும்னு ஆயிரம் தடவை கேட்டுப் பாக்கிறதுக்கு முதல் வழிதான் உதவும்னு நான் உறுதியா சொல்லுவேன், கடைசிச் சரிபார்ப்புக்கு ஃபைனைட் எலிமென்ட் வரட்டும்.

வளைவுல இருக்கிற பிரச்சனை பிரதிபலிப்பு. 90 டிகிரி திரும்புற இடத்துல சில அதிர்வெண்ல அலை முழுக்க வளைஞ்சு முன்னாடி போகும், சில அதிர்வெண்ல முழுக்க வந்த வழியே திரும்பிடும். இதுக்குத்தான் கடந்த 10 வருஷமா டோப்பாலஜி (வளைச்சாலும் இழுத்தாலும் மாறாத குணங்களைப் பத்தின கணிதம்) வழியைப் பிடிச்சிருக்காங்க. தேன்கூடு அடுக்குல ஒரு செல்லுக்கு (திரும்பத் திரும்ப வர்ற ஒரு துண்டுக்கு) ரெண்டு ரெசொனேட்டர் வெச்சு ரெண்டும் ஒரே எடையா இருந்தா, கிராஃபீன்ல (ஒரே அணு தடிமனுள்ள கார்பன் தாள்) வர்ற மாதிரி ரெண்டு பேண்ட் கூம்பு முனையில தொட்டுக்கும், தகட்டுல இதை 2013-ல டோரென்ட் குழு காட்டினாங்க. இப்ப ஒரு எடையைக் கூட்டி இன்னொண்ணைக் குறைச்சா கூம்பு பிரிஞ்சு தடை திறக்கும். கனமானது இடப்பக்கம் இருக்கிற அடுக்கையும் வலப்பக்கம் இருக்கிற அடுக்கையும் பக்கத்துல பக்கத்துல ஒட்டினா, ரெண்டுக்கும் தடை ஒரே அதிர்வெண்லதான், ஆனா ஒட்டின கோட்டுல மட்டும் அலை ஓடும். பாலும் ருஸ்ஸேனும் 2017-ல தகட்டுக்கு இதைக் கணக்குப் போட்டுக் காட்டினாங்க. 60, 120 டிகிரி வளைவுல இந்த அலை ரொம்பக் கம்மியாதான் திரும்பி வருது, ஏன்னா திரும்பி வரணும்னா அது பேண்ட் டயகிராம்ல ஒரு மூலையிலேருந்து தூரத்துல இருக்கிற இன்னொரு மூலைக்குத் தாவணும். "எந்தக் குறை இருந்தாலும் அலை தாண்டிப் போகும்"னு சில இடத்துல எழுதுறாங்களே, அது இந்த வகைக்குப் பொருந்தாது. கூர்மையான குறை, தப்பான கோணத்துல வெட்டின ஓரம், இதெல்லாம் ரெண்டு மூலையையும் கலந்துடும், அப்ப பாதுகாப்பு போச்சு. எடை வித்தியாசத்தை அதிகமாக்கினா தடை அகலமாகும், ஆனா பாதுகாப்பு பலவீனமாகும், இந்த இழுபறியைக் கணக்குப் போடாம வடிவமைக்கக் கூடாது.

பெரிய தகட்டுல ஆயிரக்கணக்குல புள்ளி இருந்தா ஒவ்வொண்ணையும் பாக்காம சராசரி எடுக்க முடியாதா? சாதாரணச் சராசரி அலை சதுரத்தை விட ரொம்ப நீளமா இருந்தாத்தான் செல்லும், ஆணித் தகட்டுல அந்த மாதிரி அலையே கிடையாதுன்னு மேல பாத்தோம். 2010-ல கிராஸ்டர், கப்லுனோவ், பிச்சுகின் ஒரு வழி சொன்னாங்க: பேண்ட் விளிம்புல (அலை போக முடியுற அதிர்வெண் பட்டையோட ஓரத்துல) நிக்கிற அலையை அப்படியே எடுத்துக்கோ, சதுரத்துக்குச் சதுரம் அதோட உயரம் மெதுவா மாறுதுல்ல, அந்த மாற்றத்துக்கு மட்டும் சமன்பாடு எழுது. எனக்கு இதுல பிடிச்சது, தகடு நாலாம் வரிசை, ஆனா வெளிய வர்ற சமன்பாடு இரண்டாம் வரிசை. அதோட கெழுக்கள் x திசையிலயும் y திசையிலயும் எதிர்க் குறியா வந்தா அலை வட்டமா பரவாது, ஒரு புள்ளியில தட்டினா சிலுவை மாதிரி சில திசையில மட்டும் கோடா ஓடும். பாதையே வெட்டாம கிடைக்கிற பாதை இது.

பேப்பர்ல இருக்கிறது நிஜத்துல வருமான்னா, வந்திருக்கு. ஜெர்மனியில கார்ல்ஸ்ரூயேல 2012-ல 1 மில்லிமீட்டர் தகட்டுல பிவிசியும் ஒரு ரப்பர் மாதிரி பொருளும் கலந்து 20 வளையம் செஞ்சு, நடுவுல இருக்கிற பொருளை வளைவு அலைக்குத் தெரியாம மறைச்சுக் காட்டினாங்க, 200-லேருந்து 400 ஹெர்ட்ஸ் வரைக்கும். கிரெனோபிள்ல 2014-ல அலுமினியத் தகட்டு மேல நீளமான அலுமினியக் கம்பிகளைச் செங்குத்தா ஒட்டி, கம்பியே ரெசொனேட்டரா வேலை செய்யுறதைக் காட்டினாங்க, கம்பியைத் தாறுமாறா ஒட்டினாலும் தடை நின்னுச்சு, ஏன்னா அங்க தடையைத் தர்றது கம்பியோட ஆட்டம், இடைவெளி கிடையாது. அதைப் பாத்துத்தான் மரமும் ஒரு கம்பிதானேன்னு யோசிச்சு, 2016-ல பிரான்ஸோட லாண்ட் பகுதி பைன் காட்டுல ஆயிரம் ஜியோஃபோன் கிட்ட பதிச்சு நில அதிர்வை அளந்தாங்க. நிலம் தகடு கிடையாது, அடியில முடிவே இல்லாத பாளம், அலையும் வேற, ஆனா ரெசொனேட்டர் கணக்கு அதே அச்சுலதான் இருக்கு.

மாடல் எங்க உடையும்னும் சொல்லணும். அலைநீளம் தடிமனைப் போல 10 மடங்குக்குக் கீழ வர ஆரம்பிச்சா கிர்க்காஃப் சொல்ற அதிர்வெண் நிஜத்தை விடக் கூடிக்கிட்டே போகும், ஏன்னா சின்ன அலை எல்லையில்லாம வேகமாகும்னு அது நம்புது. 1951-ல மிண்ட்லின் சறுக்கு விகாரத்தையும் (தகட்டோட அடுக்குகள் ஒண்ணு மேல ஒண்ணு சறுக்குற உருமாற்றம்) தகட்டுத் துண்டு சுழல்ற நிலைமத்தையும் சேர்த்து அதைச் சரி பண்ணினார், முழு உண்மை வேணும்னா ஹோரஸ் லாம்ப் 1917-ல எழுதின தீர்வுக்குப் போகணும். ஆனா சறுக்கைச் சேர்த்ததும் புள்ளி விசைக்கு அடியில லாகரிதம் திரும்ப வந்துடும், அசைவு வெடிக்கும், புள்ளி ஆணிங்கிற அழகான பொருள் செத்துடும், ஆணிக்கு ஆரம் குடுத்து வட்டத்துல நிபந்தனை எழுதணும். இன்னொண்ணு, ஆற்றல் இழப்பு. பேண்ட் விளிம்புகிட்ட ஆற்றல் போற வேகம் பூஜ்யத்தை நெருங்கும், மாடல்ல அது அழகு, ஆனா மெதுவா போற அலை ஒவ்வொரு சதுரத்துலயும் அதிக நேரம் தங்கும், பொருள் அதைத் தின்ன அதிக நேரம் கிடைக்கும். அதனால பாதையை வடிவமைக்கிறவங்க வேலை அதிர்வெண்ணை விளிம்புலேருந்து தள்ளி, பேண்ட் டயகிராம்ல கோடு செங்குத்தா ஏறுற இடத்துல வெச்சுக்கிறாங்க, விறைப்புக்கு ஆற்றல் இழப்பைக் குறிக்கிற ஒரு சின்ன கற்பனைப் பகுதி (கலப்பெண்ல வர்ற imaginary part) சேர்த்து அதே மேட்ரிக்ஸை இன்னொரு தடவை ஓட்டினா எத்தனை சதுரம் தாண்டி அலை சாகும்னு அதுவே சொல்லிடும்.